வியட்நாமியப் பாட்டு, ராப், எழுத்து: புதியவர்களுக்கு ஒரு நுழைவழி

வியட்நாமிய இசையைக் கேட்க விரும்புகிறவர்கள் பொதுவாகக் குறுங்காணொளிகளில் துள்ளும் நடனப் பாட்டில் தொடங்குகிறார்கள். இல்லையென்றால் உணவகங்களில் மெல்ல ஒலிக்கும் மூங்கில் கருவியிசையில் தொடங்குகிறார்கள். இரண்டும் காதுக்கு இனிமையானவைதான். ஆனால் அடுத்து எதைக் கேட்பது என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. ஒரு வாரத்தில் ஆர்வம் வடிந்துவிடும்.

நான் வலைத்தளங்களை வடிவமைத்துப் பிழைப்பவன். இந்த இசை எனக்கு எழுத்துரு வழியாக வந்தது. வியட்நாமிய எழுத்துகளின் தலைமேலும் காலடியிலும் நிற்கும் அந்தக் குறிகள் என்னதான் செய்கின்றன என்று பார்க்கப் போய், பாட்டுக்குள் இறங்கினேன். இன்றும் புதியவர்களுக்கு அந்த வழியையே சொல்கிறேன். மெட்டுப் போடுகிறவர், ராப் பாடுகிறவர், பக்கத்தை வடிவமைக்கிறவர் ஆகிய மூவரும் கட்டுப்பட வேண்டியது அந்தக் குறிகளுக்குத்தான்.

முதலில் தொனிகள்

வியட்நாமிய மொழியில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தொனி உண்டு. அது மாறினால் சொல்லே மாறிவிடும். 'மா' என்ற ஓரசை, தொனிக்கேற்பப் பேய், அம்மா, கல்லறை, நெல் நாற்று என்று வெவ்வேறு பொருள் தரும். வடக்கே ஹனோய்ப் பேச்சில் ஆறு தொனிகள். தெற்கே சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகர்) பேச்சில் இரண்டு ஒன்றாகக் கலந்துவிடுவதால் காதுக்கு எட்டுவது ஐந்துதான். எழுத்தில் ஆறும் உண்டு.

இணையத்தில் ஏதாவதொரு உச்சரிப்புப் பாடத்தை எடுத்துக்கொண்டு, ஒலியையும் குறியையும் சேர்த்தே பழகுங்கள். 'ஙாங்' தொனிக்குக் குறியே இல்லை; குரல் சற்று உயரத்தில் சமமாக ஓடும். 'ஹுயென்' இடமிருந்து வலமாகச் சரியும் கோடு. குரலும் தாழ்ந்து சரியும். 'சாக்' ஏறும் கோடு, குரலும் ஏறும். 'ஹோய்' புள்ளியில்லாத சின்னக் கேள்விக்குறி. குரல் இறங்கும், வடக்கத்தியர் நிதானமாகச் சொன்னால் மறுபடி எழும். 'ஙா' அலைக்கோடு, ஏறும் வழியில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும். 'நாங்' எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி. குரல் தாழ்ந்து சட்டென்று அறுந்துவிடும். 1651இல் ரோமில் அச்சான அலெக்சாந்தர் தெ ரோட் பாதிரியாரின் அகராதியிலேயே இந்தக் குறிகள் இருக்கின்றன. குறியின் வடிவமே குரலின் போக்கைப் பாதி சொல்லிவிடுவதை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன். (ஙகரத்தில் தொடங்கும் சொற்கள் அங்கே ஏராளம். தமிழில் எழுதும்போது நம் 'ங' வரிசைக்கு இவ்வளவு வேலை கிடைப்பது இங்கேதான்.)

கையோடு விசைப்பலகையையும் அமைத்துக்கொள்ளுங்கள். கைபேசியிலும் கணினியிலும் வியட்நாமிய மொழிக்கான 'டெலெக்ஸ்' முறை கிடைக்கும். சாதாரண ஆங்கில விசைகளே போதும். அசையை அடித்து முடித்ததும் எஸ் தட்டினால் சாக், எஃப் தட்டினால் ஹுயென், ஆர் ஹோய், எக்ஸ் ஙா, ஜே நாங். 'ஈ' விசையை இருமுறை தட்டினால் அதன்மேல் கூரைபோல ஒரு குறி ஏறும். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். இதை ஏன் இவ்வளவு முன்னதாகச் சொல்கிறேன் என்றால், குறியில்லாமல் தேடினால் ஒரே தோற்றமுள்ள நூறு பாட்டுகள் வந்து விழும். குறியோடு தேடினால் நீங்கள் கேட்டது முன்னால் வந்து நிற்கும்.

முதல் பாட்டு யாருடையது?

ட்ரின் கோங் சோனுடையது. அவர் 1939இல் பிறந்து, ஹுவே நகரத்தில் வளர்ந்து, 2001இல் ஹோ சி மின் நகரில் காலமானார். காதலும் போரும் அவருடைய பாட்டுகளில் ஒரே குரலில் பேசும். போரை எதிர்த்து அவர் எழுதியவற்றைத் தெற்கை ஆண்ட அன்றைய சைகோன் அரசு தடை செய்தது. 1975இல் வெற்றி பெற்ற வடக்குத் தரப்புக்கும் அவை முழுக்க உவப்பாக இல்லை. இரு பக்கமும் சந்தேகித்த ஒருவர் இன்று நாடு முழுவதும் பாடப்படுகிறார் என்பதே அவரை முதலில் கேட்கப் போதுமான காரணம்.

கான் லியின் குரலில் கேளுங்கள். 1960களில் சைகோன் மாணவர்கள் கூடும் திறந்தவெளிக் காப்பிக்கடையில், காலில் செருப்பில்லாமல், ட்ரினின் கிதாருக்குப் பாடியவர் அவர். 1975இல் அமெரிக்காவுக்குப் போனார். 2014இல்தான் ஹனோயில் மறுபடி மேடையேறினார். அவர் குரலில் புகையும் கரகரப்பும் உண்டு. பிற்காலப் பாடகிகள் பலர் அதே பாட்டுகளை இன்னும் சுத்தமாகப் பாடியிருக்கிறார்கள். அந்தச் சுத்தம் எனக்கு ஒட்டவில்லை.

'ஸியெம் சுவா' என்ற பாட்டை எடுத்து, அதன் வரிகளைத் திரையில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் தெரிய வேண்டியதில்லை. குறிகளை மட்டும் விரலால் தொடர்ந்தபடி கேளுங்கள். ஏறுகோடு வரும் இடத்தில் மெட்டு முந்தைய அசையைவிட மேலே போகும். சரிகோடோ கீழ்ப்புள்ளியோ வந்தால் இறங்கும். எல்லா இடத்திலும் அச்சாகப் பொருந்தாது. ஆனால் நேர் எதிராகப் போவது அரிது. போனால் கேட்கிறவர் காதில் வேறு சொல் விழும். ஆகவே முதல் சரணத்துக்குப் போட்ட மெட்டிலேயே இரண்டாவது சரணம் எழுதுகிறவர், அசைகளின் எண்ணிக்கையோடு அவற்றின் ஏற்ற இறக்கத்தையும் பொருத்தியாக வேண்டும். இது தெரிந்த பிறகு, எளிய பாட்டு என்று நினைத்ததன் கைவேலை கண்முன் விரியும்.

பிறகு தெற்கே, மீகாங் கழிமுகத்துக்கு

பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. நான் அதிக நேரம் நிற்கச் சொல்வதும் இங்கேதான்.

பாக் லியெவ் என்ற ஊரில் காவ் வான் லாவ் என்ற இசைக்கலைஞர் 1919 வாக்கில் 'யா கோ ஹ்வாய் லாங்' என்றொரு பாட்டை அமைத்தார். இரவில் முரசொலி கேட்டுக் கணவனை நினைத்து ஏங்கும் ஒரு பெண்ணின் பாட்டு. மொத்தம் இருபது வரிகள், வரிக்கு இரண்டு தாள அடிகள். அதைப் பாடிய கலைஞர்களுக்கு அந்த இடம் போதவில்லை. எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு வரியின் நீளத்தை மட்டும் பெருக்கினார்கள்: நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு அடிகள். வரிகள் ஆறாகக் குறைந்தன. ஒவ்வொரு வரியும் ஒரு தனி அரங்கம்போல விரிந்தது. இதுதான் வோங் கோ. தெற்கத்திய இசை நாடகமான காய் லுவோங்கின் உயிர்நாடி. இதே மண்ணின் 'டோன் கா தாய் டு' அவையிசையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் கேட்க முயல வேண்டாம். தொடக்கத்தை மட்டும் கேளுங்கள். பாடகர் தாளமே இல்லாமல் ஆரம்பிப்பார். பேச்சா பாட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். மூச்சு எப்போது தீரும் என்று நாமே எண்ணத் தொடங்குவோம். ஒரு கட்டத்தில் கடைசி அசை, ஹுயென் தொனியோடு, கீழே ஆதார சுருதியில் வந்து இறங்கும். அதே கணத்தில் கிதாரும், காலால் தட்டப்படும் 'சோங் லாங்' என்ற சின்ன மரத்தாளமும் சேர்ந்துகொள்ளும். அரங்கம் கைதட்டும். அந்த இறக்கத்துக்காகத்தான் அவர்கள் டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அடுத்த இறக்கம் எங்கே வரும் என்று ஊகிக்கத் தொடங்கியதும் மீதிப் பாட்டுக்குள் போகலாம்.

கிதார் என்றேனே, அது நாம் அறிந்த கிதார்தான். ஆனால் அதன் கழுத்தில் மெட்டுக்கட்டைகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார்கள். விரல் தந்தியைப் பள்ளத்துக்குள் அழுத்தும்போது சுரம் வளைந்து ஏறும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வந்த கருவியை இப்படிச் செதுக்கித் தங்கள் இசைக்கு வசப்படுத்திக்கொண்டார்கள். வீணையில் கமகம் கேட்டுப் பழகிய காது இதைச் சில நொடிகளிலேயே அடையாளம் கண்டுகொள்ளும்.

குரலுக்கு ஊட் ட்ரா ஓனைக் கேளுங்கள். பாய் விற்கும் ஓர் இளைஞனின் நிறைவேறாக் காதலைச் சொல்லும் அவருடைய பாட்டு தெற்கில் தெரியாதவர் இல்லை. அதை எழுதியவர் வியென் சாவ். இந்த வியென் சாவ்தான் 1960களில் நவீன மெல்லிசைப் பாட்டின் பத்திகளையும் வோங் கோ வரிகளையும் ஒரே பாட்டில் மாற்றி மாற்றித் தைத்து 'தான் கோ' என்ற வடிவத்தைப் பரப்பினார். சுத்தவாதிகள் முகம் சுளித்தார்கள், மக்கள் கொண்டாடினார்கள். ஹிப்ஹாப் ரசிகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய துண்டை எடுத்துப் புதியதோடு கோக்கும் பழக்கம் சைகோனுக்குப் புதிதில்லை.

பொலேரோ: சுருக்கமாக

1975க்கு முன் தெற்கில் செழித்த மெதுநடைக் காதல் பாட்டுகளுக்கு 'மஞ்சள் இசை' என்று பெயர். அவற்றில் பெரும்பகுதி பொலேரோ தாளத்தில் ஓடும். போர் முடிந்ததும் இவை தடைபட்டன. புலம்பெயர்ந்தவர்களோடு கடல் கடந்து பிழைத்தன. 1983இல் பாரிசில் தொடங்கிப் பின்னர் கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்த 'பாரிஸ் பை நைட்' மேடை நிகழ்ச்சி அந்தக் கதையின் பெரிய ஆவணம். ஒரு நிகழ்ச்சி நான்கைந்து மணி நேரம் ஓடும். தொடக்கத்தில் சே லின் என்ற பாடகர் பாடியவற்றில் ஒன்றிரண்டைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சாம் என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த அவருடைய குரலில் அந்த அழுகை செயற்கையாகத் தெரியாது. பிறர் பாடினால் எனக்கு இரண்டாவது பாட்டிலேயே அலுத்துவிடுகிறது.

ராப்

இப்போது காது தயார். ராப்பில் மெட்டு இல்லை. தொனி மட்டும் இருக்கிறது. ஆங்கில ராப்பில் குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பது பாடகரின் விருப்பம். வியட்நாமிய ராப்பரோ மொழி ஏற்கெனவே போட்டு வைத்த ஏற்ற இறக்கத்தின் மேல்தான் ஓட வேண்டும். கட்டுப்பாடு என்று தோன்றும் இதையே அவர்கள் லாபமாக்கிக்கொண்டார்கள்.

எப்படி என்று ஒரு கூறைப் பார்ப்போம். ப், ட், க் போல அடைத்து முடியும் அசைகளுக்குச் சாக், நாங் இரண்டு தொனிகள் மட்டுமே வரும். இரண்டுமே அங்கே குறுகி வெட்டுப்படும். இப்படிப்பட்ட அசைகளை வரியின் கடைசியில் வைத்தால் சொல்லே தாள அடியாகிவிடும். பின்னணியில் முரசு இல்லாத இடத்திலும் முரசு கேட்கும். திறந்து நீளும் அசைகளை அடுத்தடுத்து வைத்தால் வரி மிதக்கும். திறமையான ராப்பர் ஒரு பத்தியில் வெட்டியும் அடுத்ததில் மிதந்தும் போவார்.

இயைபும் அவர்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே காதில் விழுந்ததுதான். தாலாட்டிலும் நாட்டுப் பாடலிலும் பயிலும் 'லுக் பாட்' யாப்பில் ஆறசை வரியும் எட்டசை வரியும் மாறி மாறி வரும். ஆறசை வரியின் கடைசி அசை, அடுத்த எட்டசை வரியின் ஆறாவது அசையோடு இயையும். அதாவது இயைபு வரியின் நடுவில் போய் விழும். ஙுயென் ஸூ என்ற கவிஞரின் 3,254 வரிக் காவியம் முழுவதும் இப்படியே நடக்கிறது. வரிக்கு நடுவே இயைபு வைப்பதை அமெரிக்க ராப் ரசிகர்கள் உத்தி என்று புகழ்வார்கள். வியட்நாமில் அது பாட்டி பாடிய தாலாட்டின் நடை.

சுபோய் என்ற ராப் பாடகியில் தொடங்குங்கள். 1990இல் சைகோனில் பிறந்தவர். 2010இல் முதல் ஆல்பம். 2016 மே மாதம் ஒபாமா ஹோ சி மின் நகரில் இளைஞர்களைச் சந்தித்தபோது எழுந்து கேள்வி கேட்டார். கொஞ்சம் ராப் பாடேன் என்றார் ஒபாமா. வாயாலேயே தாளமும் போட்டார். சுபோய் வியட்நாமிய மொழியில் பாடினார். பெரிய வீடும் பணமும் உள்ளவர்கள் உண்மையில் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்பது பாட்டின் பொருள். அந்தக் காணொளி இன்றும் கிடைக்கிறது. ஆல்பங்களுக்கு முன் அதைப் பாருங்கள்: பின்னணி இசை இல்லாததால் தொனிகள் அப்பட்டமாகக் கேட்கும்.

அடுத்தவர் டென் வாவ். ஹா லோங் விரிகுடாப் பகுதியில் துப்புரவுத் தொழிலாளியாக வேலை பார்த்தவர். வடக்கத்திய உச்சரிப்பு, ஆறு தொனிகளும் தனித்தனியே விழும், வேகமும் குறைவு. மொழி படிக்கிறவர்களுக்கும் அவரையே சிபாரிசு செய்வேன். பல்லவியை ஒரு பாடகர் பாட, சரணங்களை இவர் பேசுவதுபோலச் சொல்லிப் போவார். 2019இல் மின் என்ற பாடகியோடு செய்த 'பாய் நாய் சில் ஃபெட்' நல்ல தொடக்கம்.

2020இல் ஒளிபரப்பான 'ராப் வியட்' தொலைக்காட்சிப் போட்டி இந்த இசையை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. காரிக், சுபோய், வோவி, பின்ஸ் ஆகிய நால்வரும் பயிற்சியாளர்கள். முதல் ஆண்டு வென்றவர், குழந்தைகள் கதையொன்றில் வரும் நோஞ்சான் சில்வண்டின் பெயரைத் தன் மேடைப் பெயராக வைத்துக்கொண்ட ஓர் இளைஞர். வெளிச்சமும் கூச்சலும் அதிகமான நிகழ்ச்சிதான். ஆனால் பாடும்போதே திரையில் வரிகள் ஓடுகின்றன. நமக்கு வேண்டியது அதுவே. ஒரு பதினாறு வரிப் பத்தியை அச்சிட்டு, இயையும் அசைகளை வண்ணப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஓரசை இயைபில் தொடங்கி, இரண்டு மூன்று அசைகள் தொடர்ந்து இயையும் இடங்கள் வரை காகிதம் நிறம் மாறிக்கொண்டே போகும்.

நாட்டார் இசையும் ராப்பும் சேரும் இடத்தைப் பார்க்க, 2025இல் ஹோவா மின்சி வெளியிட்ட 'பாக் பிளிங்' போதும். பாக் நின் அவருடைய சொந்த மாகாணம். ஆணும் பெண்ணும் இணை இணையாக எதிர்ப்பாட்டுப் பாடும் 'குவான் ஹோ' அங்கே பிறந்தது. மூத்த நாட்டார் கலைஞர் சுவான் ஹின் அதில் தன் வயதுக்குரிய குறும்போடு வருகிறார்.

கண்ணுக்கான வேலை

இவ்வளவும் கேட்ட பிறகு, பிடித்த பத்துப் பாட்டுகளுக்கு ஒரு வலைப்பக்கம் செய்யுங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

வடிவமைப்புக்கு முன் பழையதைக் கொஞ்சம் பாருங்கள். ஹனோயில் 1925இல் தொடங்கிய இந்தோசீன நுண்கலைக் கல்லூரியில் படித்தவர்கள் 1930களின் பத்திரிகை அட்டைகளைக் கையால் வரைந்தார்கள். சைகோனில் 1950களிலும் 60களிலும் ஒவ்வொரு பாட்டும் சுரக்குறிப்போடு தனித் தாளாக விற்றது. அவற்றின் அட்டைகள் பலவற்றைத் தீட்டியவர் ஸூய் லியெம் என்ற ஓவியர். அந்த அட்டைகளில் தொனிக்குறி எழுத்தின்மேல் ஒட்டவைத்த தூசாக இருக்காது. ஏறுகோடு அடுத்த எழுத்தின் தோளில் சாயும். கீழ்ப்புள்ளி ஒரு பூவின் நடுவாகும். கையெழுத்துக் கலைஞன் குறியை எழுத்தின் உறுப்பாகவே நினைத்தான். திரையில் நாம் பெரும்பாலும் அதை மறந்துவிடுகிறோம்.

எழுத்துரு தேர்ந்தெடுப்பதுதான் முதல் படி. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் வியட்நாமிய மொழிக்கு இன்னும் 134 வடிவங்கள் தேவை. கூகுள் ஃபான்ட்ஸில் மொழி வடிகட்டியில் வியட்நாமிய மொழியைத் தேர்ந்தெடுங்கள். 'பி வியட்நாம் ப்ரோ' இலவசமானது, நம்பகமானது, கொஞ்சம் எல்லா இடத்திலும் தென்படுவது. எதை எடுத்தாலும் மூன்று சொற்களைத் தட்டிச் சோதியுங்கள். ஒன்று, மிகப் பரவலான குடும்பப்பெயரான 'ஙுயென்': அதில் ஓர் எழுத்தின்மேல் கூரையும் அதற்குமேல் அலைக்கோடும் ஏறியிருக்கும். இரண்டு, 'வியட்': கூரை மேலே, புள்ளி கீழே. மூன்று, தெரு என்று பொருள்படும் 'டுவோங்': குறுக்குக் கோடிட்ட முதலெழுத்து, கொம்பு முளைத்த உயிரெழுத்துகள், சரிகோடு என எல்லாம் ஒரே சொல்லில் இருக்கும். மூன்றையும் பெரிய எழுத்திலும் தடித்த எழுத்திலும் பாருங்கள். கூரையும் அலையும் ஒட்டிக் கறையாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவை விட்டுவிடுங்கள். நடுவில் ஓர் எழுத்து மட்டும் வேறு முகத்தோடு நின்றால், எழுத்துருவில் அந்த வடிவம் இல்லாமல் கணினி வேறிடத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறது என்று பொருள்.

வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். உடல் பகுதிக்கு எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு வைப்பேன். தலைப்பு எவ்வளவு பெரிதானாலும் 1.25க்குக் கீழே இறக்க மாட்டேன். ஆங்கிலத் தலைப்புகளுக்கு இப்போது வழக்கமாக வைக்கும் இறுக்கமான இடைவெளியில், கீழ் வரியின் அலைக்கோடு மேல் வரியின் புள்ளியோடு மோதும். பெட்டிக்கு வெளியே வருவதை வெட்டும்படி அமைத்திருந்தால் முதல் வரியின் குறி தலை இழந்து நிற்கும்; படிக்கிறவருக்கு அது வேறு சொல். இணைப்புகளின் அடிக்கோடும் கீழ்ப்புள்ளியை விழுங்கும். கோட்டைச் சற்றுக் கீழே தள்ளுங்கள். பக்கத்தின் மொழிக் குறிப்பில் வியட்நாமிய மொழியைக் குறிப்பிட மறக்காதீர்கள். இல்லையென்றால், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை ஆங்கிலமாக நினைத்துக் கடித்துத் துப்பும்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரு பொறி உண்டு. குறியேறிய எழுத்தை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். எழுத்து, கூரை, தொனி என்று பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடலுக்கு வேறு வேறு. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் 'என்எஃப்சி' என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பக்க முகவரிக்காகக் குறிகளை நீக்கும்போது இன்னொரு சிக்கல்: பிரித்து நீக்கும் வழக்கமான நிரலுக்குக் குறுக்குக் கோடிட்ட 'டி' எழுத்து அகப்படாது, யூனிகோடில் அது பிரியாத எழுத்து. அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் டென் வாவின் பெயர் முகவரியில் முதலெழுத்து இல்லாமல் போகும்.

பக்கம் முடிந்ததும் வியட்நாமிய மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டி, தலைப்புகளை மட்டும் வேகமாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார். எங்கே தயங்குகிறார் என்று பாருங்கள்; அங்கே ஒரு குறி தவறியிருக்கும். பிழை அதிகம் விழுவது பாட்டுப் பெயர்களில்தான். அவற்றை ரசிகர்கள் போட்ட தேடல் முடிவுகளிலிருந்து நகலெடுக்காமல், பாடகர் தாமே வெளியிட்ட ஆல்பம் அட்டையைப் பார்த்து டெலெக்ஸில் தட்டுங்கள்.